நிலத்தடிச் செல்வமும் ஊரார் சம்மதமும்

மதுரை ஜில்லா மேலூர்த் தாலுகாவில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்காக நடந்த ஏலத்தை ரத்துச் செய்துவிட்டதாக 2025 ஜனவரி 23ந் தேதி மத்திய சர்க்கார் அறிவித்தது. அன்று அரிட்டாபட்டியிலும் வல்லாளபட்டியிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஜனங்கள் கொண்ட மகிழ்ச்சி முற்றிலும் நியாயமானது. அதே மாதம் 7ந் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நகரை நோக்கி ஆயிரக்கணக்கானோர் கால்நடையாகத் திரண்டு வந்ததன் பலன் அது. ஆயினும், பந்தலைப் பிரித்துத் தோரணத்தை அவிழ்த்த பிறகு செய்யவேண்டிய காரியம் ஒன்று மிச்சமிருக்கிறது. ஏலம் ரத்தாயிற்று; ஏலம் விடும் முறை ரத்தாகவில்லை. அம்முறை நிலைத்திருக்கும் வரையில், நேற்று மேலூருக்கு வந்தது நாளை வேறோர் ஊருக்கு வரும். ஆகவே, நடந்ததை நிதானமாக ஆராய்ந்து, இனி நடக்கவேண்டியது இன்னதென்று தீர்மானித்துக் கொள்வது தேசாபிமானிகள் அனைவருடைய கடமை என்று நாம் கருதுகிறோம்.

இது மேலூர்க்காரர் விவகாரம், சோழவந்தானுக்கும் வாடிப்பட்டிக்கும் இதில் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். இடையில் மதுரை நகரமே கிடக்கிறது என்பதும் உண்மை. ஆனால் இரு பக்கத்தையும் ஒரே தண்ணீர் பிணைத்திருக்கிறது. மேற்கே பாய்ந்துகொண்டிருந்த பெரியாறு 1895ஆம் வருஷத்தில் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டு வைகையை அடைந்தது. பேரணையில் அந்தத் தண்ணீர் பெரியாறு பிரதானக் கால்வாயாகப் பிரிகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலம். அதற்கு அப்பால் மேலூர்ப் பகுதியில் 85,563 ஏக்கர் ஒருபோக நிலம். சோழவந்தான் வயலும் மேலூர் வயலும் ஒரே தாயிடம் பால் குடிக்கும் பிள்ளைகள். தலைமடைக்காரன் கடைமடைக்காரனுடைய துன்பத்தைத் தன் துன்பமாக எண்ணாவிட்டால் கால்வாய் இருந்து என்ன பயன்? அன்றியும், மேலூருக்குப் பிரயோகித்த சட்டம் மேலூருக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. சிறுமலை அடிவாரத்துக்கும் அதே சட்டந்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பூமியிலிருந்து எதையும் எடுக்கவே கூடாது என்பது நமது கட்சியன்று. சோழவந்தான் கொடிக்காலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்குள் சுற்றியிருப்பது செப்புக் கம்பி. வீட்டில் நாம் புழங்கும் நல்ல எவர்சில்வர் பாத்திரத்தில் நிக்கல் கலந்திருக்கிறது. நம் பெரியோர்கள் முடிச்சில் வைத்திருந்த ஓரணாக் காசு செம்பையும் நிக்கலையும் கலந்து வார்த்தது. இரும்பையே அறுக்கும் கருவிகளின் முனைக்கு டங்ஸ்டன் வேண்டும். மின்சாரத்தால் ஓடும் வண்டிகளின் பாட்டரிகள் பலவற்றுக்கு நிக்கல் வேண்டும். தேசத்துக்கு இன்றியமையாதவை என்று 2023ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் பட்டியலிட்ட 30 கனிப்பொருள்களில் செம்பு, நிக்கல், டங்ஸ்டன் ஆகிய மூன்றும் இருக்கின்றன. நிக்கலுக்கு இந்தியா ஏறத்தாழ முழுவதும் வெளிநாடுகளையே நம்பியிருக்கிறது. செம்பின் தாதுவிலும் பெரும்பகுதி கப்பலில் வந்திறங்குவதுதான். சுதேசியம் பேசும் தேசம் தன் நிலத்தடியில் இருப்பது என்னவென்றே அறியாமலிருப்பது பெருமையாகாது. ஆகவே, ஆராய்ச்சி வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. 2025 ஜனவரியில் மத்திய சர்க்கார் இத்தகைய கனிப்பொருள்களுக்காக 34,300 கோடி ரூபாய் மதிப்புள்ள திட்டத்தை அங்கீகரித்து, 2031க்குள் 1,200 இடங்களில் ஆராய்ச்சி நடத்துவதென்றும் தீர்மானித்திருக்கிறது. எனவே, சம்மட்டியும் பையும் ஏந்திய மனிதர்கள் இன்னும் பல ஊர்களுக்கு வருவார்கள். அவர்கள் வருவதைப் பற்றி நமக்கு அச்சமில்லை. அவர்கள் கண்டதை முதலில் யாரிடம் சொல்கிறார்கள் என்பதே நமது கேள்வி.

இக்கேள்வியின் முக்கியத்துவம் விளங்க, இந்த உலோகங்கள் எங்கே, எவ்வாறு கிடைக்கின்றன என்பதை வாசகர்கள் சற்றே அறிந்துகொள்வது நலம். நிக்கலும் செம்பும் பல இடங்களில் சேர்ந்தே பிறக்கின்றன. பூமியின் வெகு ஆழத்திலிருந்து மிகுந்த உஷ்ணத்துடன் பொங்கி எழும் பாறைக் குழம்பு வழியில் கந்தகத்தைச் சந்திக்குமானால், அதிலுள்ள நிக்கலும் செம்பும் கந்தகத்தோடு கூடி, தண்ணீரிலிருந்து எண்ணெய் பிரிவதுபோல் பிரிந்துவிடும். எண்ணெய் மேலே மிதக்கும். இதுவோ கனமானதால் அடியில் சென்று தங்கும். இப்படித் தங்கியதே தாதுப் படுகை. இருநூற்றைம்பது, முந்நூறு கோடி வருஷங்களுக்கு முன் கடலடியில் பொங்கி உறைந்த எரிமலைப் பாறைகள் நீண்ட பட்டைகளாக உலகின் பழமையான நிலப்பகுதிகளில் கிடக்கின்றன. உஷ்ணத்தாலும் அழுத்தத்தாலும் அவற்றின் தாதுக்கள் பசுமை நிறம் கொண்டமையால், அவற்றைப் பச்சைக்கல் பட்டைகள் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் சொல்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் கம்பால்டா என்னுமிடத்தில் 1966ஆம் வருஷத்தில் நிக்கல் கண்டுபிடிக்கப்பட்டது இத்தகைய பட்டை ஒன்றில்தான்.

நம் நாட்டிலும் பச்சைக்கல் பட்டைகள் உண்டு. கன்னட நாட்டில் சித்திரதுர்க்கம், ஹட்டி, சந்தூர், கோலார் ஆகிய இடங்களில் அவை ஓடுகின்றன. அவற்றைச் சேர்ந்த பழம் பாறைகளுக்குத் தார்வார் என்று பெயர் சூட்டியவர் இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் பூட். சித்திரதுர்க்கத்துக்கு அருகே இங்கள்தாளில் செம்பு வெட்டப்பட்டது. கோலாரில் தங்கம் வெட்டப்பட்டது. கோலார்ப் பட்டையின் தென் நுனி நம் கிருஷ்ணகிரி ஜில்லாவுக்குள்ளும் நீள்கிறது. நாமக்கல் ஜில்லாச் சித்தம்பூண்டியில் வேறு வகைப் பாறைகள் இருக்கின்றன. அவையும் ஆழத்துக் குழம்பிலிருந்து பிறந்தவையே. அவற்றில் குரோமைட்டும் பிளாட்டின இனத்து உலோகங்களும் காணப்பட்டிருக்கின்றன. சந்திரனுக்கு அனுப்பும் வாகனத்தை இங்கேயே சோதித்துப் பார்க்கச் சந்திர மண்ணைப்போல் ஒரு மண் தேவைப்பட்டபோது, விண்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் நாடி வந்தது அந்த வட்டாரத்துப் பாறையைத்தான்.

மதுரைச் சமவெளியின் பாறை இவற்றிலிருந்து வேறுபட்டது. இங்கே பச்சைக்கல் பட்டை கிடையாது. ஆழத்தில் அமிழ்ந்து, சுமார் 55 கோடி வருஷங்களுக்கு முன் கடும் உஷ்ணத்தில் வெந்து, பிறகு மேலே வந்த பாறைகள் இவை. சார்னோகைட் என்னும் கருநிறப் பாறையும், வரிவரியான பட்டைப் பாறையும், கருங்கல்லும், இடையிடையே சுண்ணாம்புச் சத்துள்ள பாறைகளும் இங்கே உண்டு. சார்னோகைட் என்ற பெயரின் கதையைக் கேளுங்கள். சென்னைக்கு அருகே வெட்டி எடுக்கப்பட்ட பாறை கல்கத்தாவுக்குச் சென்று, அந்நகரில் கும்பினியார் வியாபாரத்தை நிலைநாட்டிய ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லாயிற்று. ஹாலந்து என்னும் ஆங்கிலேய சாஸ்திரி 1893இல் அந்தக் கல்லறையைப் பார்த்து, அந்தக் கல்லின் இனத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார். கல் நம்முடையது, அதன்மேல் நின்ற பெயர் வேறொருவருடையது. மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் பூகர்ப்பத்தைப் பற்றி மேற்சொன்ன பூட் எழுதிய நூல் 1883இலேயே வெளிவந்துவிட்டது. நம் காலடியில் இருப்பதைப் பற்றிய சாஸ்திரம் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக எழுதப்பட்டு வருகிறது. எழுதப்பட்டது எல்லாம் ஆங்கிலத்தில். படித்தவர்கள் எல்லாரும் வெளியூரார்.

இனி ஆராய்ச்சி நடக்கும் விதத்தைக் கவனிப்போம். முதலில் வருகிறவர்கள் கல்லை உடைத்துப் பார்ப்பார்கள். ஓடை மணலை அள்ளிச் சோதிப்பார்கள். பாறையின் தலையில் துருவேறிய செம்பழுப்பு நிறமோ, களிம்பு பிடித்தாற்போன்ற பச்சைக் கறையோ தெரிந்தால், கீழே கந்தகம் கலந்த செம்புத் தாது இருக்கலாம் என்று ஊகிப்பார்கள். டங்ஸ்டன் தாதுக்களில் ஒன்றாகிய ஷீலைட் புற ஊதா விளக்கின் ஒளி பட்டால் நீலவெண்மையாய் ஒளிரும். ஆகவே இருட்டில் விளக்கேந்தித் தேடுவதும் உண்டு. பிறகு காந்தக் கருவிகளாலும் மின்சாரக் கருவிகளாலும் நிலத்தடியை அளப்பார்கள். கடைசியில்தான் துளை போடுவார்கள். நம் ஊரில் ஆழ்துளைக் கிணறு போடும் யந்திரம் பாறையைப் பொடியாக்கி வெளியே தள்ளுகிறது. இவர்களுடைய யந்திரமோ பாறையைத் தண்டு தண்டாக முழுமையாக எடுக்கும். அந்தத் தண்டுகளைச் சோதித்தே எத்தனை ஆழத்தில், எத்தனை கனத்தில், நூற்றுக்கு எத்தனை பங்கு உலோகம் இருக்கிறதென்று கணக்கிடுவார்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டுப் பெண்கள் அறிந்த உண்மை. பாறையில் அந்தப் பழமொழி செல்லாது. ஒரு துளையில் தாது அகப்பட்டதென்றால், பத்து முழம் தள்ளிப் போட்ட துளையில் வெறுங்கல் வரலாம். ஆகவேதான் முதற் பார்வை, முன்னாய்வு, பொது ஆய்வு, விரிவாய்வு என்று நான்கு படிகளை வகுத்திருக்கிறார்கள். முதற் படியில் நம்பிக்கையூட்டும் இடங்களில் மிகச் சிலவே நாலாவது படியைக் கடந்து சுரங்கமாகின்றன. நல்ல தாது என்று கொண்டாடப்படுவதிலும் நூறு பங்கில் ஒன்றிரண்டு பங்கே செம்போ நிக்கலோ இருக்கும். மற்ற தொண்ணூற்றெட்டு பங்கையும் அரைத்து, அலசி, எங்கேயோ கொட்டித்தான் ஆகவேண்டும். அந்தக் குப்பையிலுள்ள கந்தகம் காற்றும் மழையும் பட்டால் திராவகமாய் மாறித் தண்ணீரோடு ஓடும். சில துளைகள் போட்டு ஆராய்வதால் ஊருக்கு நேரும் கஷ்டம் அற்பம். சுரங்கம் வெட்டுவதால் நேருவது தலைமுறைகளுக்கும் நிற்பது. இரண்டுக்கும் உள்ள தூரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இந்தத் தூரத்தை இப்போதுள்ள சட்டம் ஒரே தாண்டாகத் தாண்டிவிடுகிறது. ஆராயும் உரிமையையும், ஆராய்ந்தபின் வெட்டும் உரிமையையும் ஒரே ஏலத்தில் சேர்த்துக் கொடுக்கும் ஒருங்கிணைந்த உரிமம் என்ற ஏற்பாடு அதில் இருக்கிறது. நாயக்கர்பட்டியில் ஏலம் போனதும் அத்தகைய உரிமமே. நிலத்தடியில் எவ்வளவு இருக்கிறது, அதை எடுத்தால் ஏரிகளுக்கு என்ன ஆகும், எத்தனை குடும்பங்கள் பெயரவேண்டும் என்பவை முற்றிலும் தெரிவதற்கு முன்பே கை மாறிவிடுகிறது. மாடு வாங்குகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்த பிறகே விலை பேசுகிறான். இங்கோ விலை பேசி முடித்த பிறகு பல்லைப் பார்க்கிறார்கள். மாட்டுக்குச் சொந்தக்காரனோ சந்தைக்கே அழைக்கப்படவில்லை.

நடந்த வரலாறு இது. 2023 ஆகஸ்டில் அமலுக்கு வந்த சட்டத் திருத்தத்தால், டங்ஸ்டன், நிக்கல் முதலிய முக்கியக் கனிப்பொருள்களை ஏலம் விடும் அதிகாரம் மாகாணங்களிடமிருந்து மத்திய சர்க்காரிடம் சென்றது. அவ்வருஷம் அக்டோபரில் தமிழ்நாடு சர்க்கார் அதை ஆட்சேபித்து எழுதிற்று. நவம்பரில் மத்திய சர்க்கார் அதை மறுத்துப் பதில் எழுதிற்று. 2024 நவம்பர் 7ந் தேதி, 2,015.51 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5,000 ஏக்கர் பரப்புக்கு ஹிந்துஸ்தான் ஜிங்க் கம்பெனி தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்தப் பரப்புக்குள்ளேயே, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று பிரகடனம் செய்யப்பட்ட அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியின் சுமார் 193 ஹெக்டேரும் அடங்கியிருந்தது. சமண முனிவர் படுக்கைகளும், ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள தமிழ்ப் பிராமி எழுத்துக்களும், பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயிலும், எழுபத்திரண்டு ஏரிகளும், இருநூறு இயற்கைச் சுனைகளும் உள்ள இடம் என்று சர்க்காரே எழுதி வைத்த இடம் அது. ஏலச் செய்தி வெளிவந்த பிறகே ஊர்கள் திரண்டன. டிசம்பர் 9ந் தேதி தமிழ்நாடு சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் செய்தது. டிசம்பர் 24ந் தேதி, பாரம்பரியத் தலத்தை விலக்கி எல்லையை மறுபரிசீலனை செய்யும்படி மத்திய சர்க்கார் பூகர்ப்ப இலாகாவுக்குச் சொல்லிற்று. ஜனங்கள் அதற்கும் இணங்கவில்லை. முடிவில் ஏலமே ரத்தாயிற்று.

இதனிடையே, உரிய காலத்தில் மாகாண சர்க்கார் ஆட்சேபிக்கவில்லை என்று டில்லியும், முன்பே எழுதிவிட்டோம் என்று சென்னையும் வாதாடின. யார் எப்போது எழுதினார்கள் என்பது அவர்களுக்கு முக்கியமாயிருக்கலாம். நாம் கவனிப்பது வேறு. அந்தக் கடிதங்களில் ஒன்றாவது அரிட்டாபட்டி விலாசத்துக்கு எழுதப்பட்டதன்று. நிலத்தின் அடியிலுள்ள கனிப்பொருள், சட்டம் வேறு விதமாகச் சொல்லாத வரையில், நிலத்துக்குரியவனையே சேரும் என்று 2013இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. உரியவன் ஒருவன் இருக்க, அவனை விட்டுவிட்டு இரண்டு சர்க்கார்கள் மட்டும் பேசி முடிப்பது ஜனநாயகமா என்று கேட்கிறோம்.

மேலூரில் பெற்ற அனுபவத்துக்குப் பிறகாவது சர்க்கார் ஜனங்களை அதிகமாகக் கலந்தாலோசிக்கும் என்று எதிர்பார்த்தோம். நடந்தது நேர்மாறு. 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் இலாகா வெளியிட்ட உத்தரவுக் குறிப்பொன்று, அணுசக்திக் கனிப்பொருள்களையும் இத்தகைய முக்கியக் கனிப்பொருள்களையும் வெட்டும் சுரங்கங்களுக்குப் பொதுஜன விசாரணையிலிருந்து விலக்களித்தது. தேசப் பாதுகாப்புக்கும் தேவைக்கும் அவசரம் என்பது சொல்லப்பட்ட காரணம். அவசரம் இருக்கலாம். ஆனால் மேலூரில் காலம் வீணானது எதனால்? கேட்டதாலா, கேளாததாலா? ஊரைக் கூட்டி முன்பே கேட்டிருந்தால் ஏலமும் வேண்டியிருந்திராது. அதை ரத்துச் செய்வதும் வேண்டியிருந்திராது. கேட்பதற்குச் செலவாகும் மூன்று மாதத்தை மிச்சம் பிடிக்கப் போய் மூன்று வருஷத்தை இழக்கும் சிக்கனம் நமக்கு விளங்கவில்லை.

சுரங்கம் வந்தால் வேலை வரும், வாழ்வு வரும் என்று சொல்பவர்கள் உண்டு. தமிழருக்கு இதில் அனுபவம் இல்லாமலில்லை. பச்சைக்கல் பட்டை என்றோமே, அந்தக் கோலார்ப் பட்டையைக் குடைந்தவர்களில் மிகப் பலர் தமிழ் ஜில்லாக்களிலிருந்து சென்ற நிலமற்ற ஏழைகள். 1880க்குப் பின் ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய வேலை 1956இல் சர்க்கார் கைக்கு வந்து, 2001 பிப்ரவரி 28ந் தேதி நின்றது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, வெந்நீர்க் கொப்பரைபோன்ற உஷ்ணத்தில் தலைமுறை தலைமுறையாய் உழைத்து, அவர்கள் வெளியே கொணர்ந்த தங்கம் சுமார் 800 டன். தங்கம் போன இடம் தெரியாது. அரைத்துக் கொட்டிய மண் மட்டும் சயனைடு மேடுகளாக நின்று, காற்றடிக்கும்போதெல்லாம் அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் வீடுகளில் புழுதியாய் இறங்குகிறது. அந்நியக் கம்பெனி போய்ச் சுதேச சர்க்கார் வந்ததால் மட்டும் அந்தப் புழுதி இனித்துவிடவில்லை. செம்பைப் பொறுத்தமட்டிலும் நம் மாகாணம் ஒரு பாடத்தை ரத்தத்தால் எழுதியிருக்கிறது. தூத்துக்குடியில் செம்பு உருக்காலையை எதிர்த்து நடந்த கிளர்ச்சியில் 2018 மே மாதத்தில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தின் விளைவாகப் பதின்மூவர் மாண்டனர். ஆலை மூடப்பட்டது, மாண்டவர் மீளவில்லை. உலோகம் தேவைதான், ஆனால் கேளாமல் எடுக்கும் உலோகத்தின் விலை இதுவென்று சர்க்கார் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஊராருக்குப் பூகர்ப்ப சாஸ்திரம் என்ன தெரியும் என்று ஏளனம் செய்யும் உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு வார்த்தை. செம்மண் எத்தனை முழம், சுக்கான் எத்தனை முழம், அதற்குக் கீழே எந்தக் கல்லில் ஊற்றுக் கண் திறக்கும் என்பதைக் கிணறு வெட்டும் ஏழை மனிதன் கையால் அறிந்தவன். அவனுக்கு விளங்கும் பாஷையில் சொன்னால் மற்றதும் விளங்கும். நம் தேசத்துப் பூகர்ப்ப விவரங்களையெல்லாம் ஒரே இடத்தில் திரட்டி, உலகத்தில் எவரும் பார்க்கும்படி 2023 டிசம்பரில் மத்திய சர்க்கார் திறந்து வைத்திருக்கிறது. மெச்சத்தக்க காரியம். ஆனால் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. ஏலம் கேட்க வருபவன் பம்பாயிலிருந்தும் லண்டனிலிருந்தும் படித்துக்கொள்ளலாம். எந்த நிலத்தைப் பற்றி எழுதியிருக்கிறதோ அந்த நிலத்துக்காரன் படிக்க முடியாது. தொல்காப்பியப் பாயிரத்துக்கு விருத்தியுரை கண்ட அரசஞ்சண்முகனார் பிறந்த ஊர் சோழவந்தான். தமிழுக்கு இத்தனை சொல்வளம் தந்த மண்ணைப் பற்றிய அறிக்கையைத் தமிழில் எழுதச் சொல் இல்லையென்று எவரும் சொல்ல வேண்டாம்.

மறுபுறத்தில், சம்மட்டியைக் கண்டவுடனே தடியை எடுக்க வேண்டும் என்று போதிப்பவர்களையும் நாம் ஆதரிப்பதற்கில்லை. அறியாமை எந்த ஊரையும் காப்பாற்றியதில்லை. நம் நிலத்தடியில் இருப்பதை நாம் அறியாவிட்டால், அறிந்தவன் சொன்னதே விலை. கோலாரில் தங்கம் கிடைத்ததால் மதுரை மலையிலும் தங்கம் என்று வதந்தி கிளப்புகிறவனும், ஒரு துளை போட்டாலே ஊர் பாலைவனமாகும் என்று பயமுறுத்துகிறவனும் ஒரே அறியாமையில் வியாபாரம் செய்கிறவர்கள். பாறையின் இனம் இன்னது, அதில் கிடைக்கக்கூடியது இன்னது, கிடைக்காதது இன்னது என்று அறிந்த ஜனங்களை இருவராலும் ஏமாற்ற முடியாது.

ஆகவே நாம் கோருவன இவை. முதலாவதாக, எந்த இடத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவருமுன், பூகர்ப்ப இலாகாவின் அறிக்கையின் சாரத்தைத் தமிழில் அச்சிட்டு, அந்தந்தக் கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும். சோழவந்தான், வல்லாளபட்டி போன்ற பேரூர்களுக்குக் கிராம சபை கிடையாது. அங்கே இதற்கென்றே பொதுக்கூட்டம் கூட்டவேண்டும். இரண்டாவதாக, ஆராய்ச்சி வேறு, விற்பனை வேறு என்று பிரிக்க வேண்டும். பாசன நிலங்களிலும் பாரம்பரியத் தலங்களிலும் ஒருங்கிணைந்த உரிமம் கூடவே கூடாது. தாது எவ்வளவு, கழிவு எவ்வளவு, அதைக் கொட்டும் இடம் எது என்பதெல்லாம் சர்க்கார் செலவில் நிச்சயமான பிறகே ஏலப் பேச்சை எடுக்க வேண்டும். மூன்றாவதாக, கனிப்பொருள் கணக்கோடு தண்ணீர்க் கணக்கையும் சேர்க்க வேண்டும். ஏரி, கால்வாய், கிணறு ஒவ்வொன்றுக்கும் நேரக்கூடியதைப் பாசன இலாகா எழுதிக் கையெழுத்திட வேண்டும். நான்காவதாக, 2025 செப்டம்பர்க் குறிப்பை வாபஸ் வாங்கிப் பொதுஜன விசாரணையைப் பழையபடி நிலைநாட்ட வேண்டும். ஊர் சம்மதித்தால் நியாயமான பங்கு தரட்டும். சம்மதிக்காவிட்டால் அதுவே முடிவாக இருக்கட்டும்.

ஜனங்களுக்கும் கடமை உண்டு. மேலூரில் ஏலத்துக்குப் பின் விழித்தோம். இனி ஏலத்துக்கு முன் விழிக்க வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் படித்த வாலிபர்கள் தங்கள் கிராமத்துக் கிணறுகளின் ஆழத்தையும் நீர்மட்டத்தையும் சுவையையும் வருஷாவருஷம் எழுதி வைக்கட்டும். நாளை ஒரு கம்பெனி வந்து தண்ணீர் எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்று சொன்னால், அதற்கு எதிராகக் காட்ட அந்த நோட்டுப் புஸ்தகத்தைவிட வலிய ஆயுதம் வேறில்லை. மதுரைக் கலாசாலைகளில் பயிலும் மாணவர்களில் சிலராவது பூகர்ப்ப சாஸ்திரம் கற்று, சொந்த ஊருக்குத் திரும்பி வந்து, மரத்தடியில் உட்கார்ந்து அதைத் தமிழில் சொல்லட்டும். அந்நாளில் சம்மட்டியோடு வருகிறவன் ஊருக்கு விருந்தாளியாக வருவான்.

சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த மண்ணில், இந்தத் தண்ணீரில் விளைவதற்கு நிகர் வேறெங்கும் இல்லை என்று சட்டமே ஒப்புக்கொண்டதற்கு அது அத்தாட்சி. மேல்மண்ணில் விளைவதை இந்த ஊராருடையது என்று ஒப்புக்கொண்ட சர்க்கார், அடிமண்ணில் கிடப்பதைப் பற்றி இந்த ஊராரைக் கேட்பதற்குத் தயங்குவானேன்? நம் நாட்டில் எந்த நல்ல காரியத்துக்கும் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதே மரியாதை. நிலத்தடிச் செல்வம் தேசத்துக்கு வேண்டுமானால், தேசம் முதலில் ஊர்ச் சபைக்கு வந்து, தட்டை முன்வைத்துக் கேட்கட்டும். கேட்டபின் ஊர் சொல்லும் பதிலுக்குக் கட்டுப்படட்டும்.